பதினோராவது ரீல்

பெட்டியின் முன்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே ரீல் தெரிந்தது. பழுப்பு நாடா சுற்றி, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் படுத்திருந்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஐம்பத்து நான்கு என்ற எண். வந்து உட்கார்ந்த இரண்டு மணி நேரத்தில் அவள் எட்டாவது தடவையாக எழுந்து போய் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அம்மா, அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. உக்காருங்க," என்றாள் ஸ்டுடியோவின் டெக்னீஷியன் பெண். முப்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள்.

"முப்பத்தாறு வருஷம் நர்ஸா இருந்தவ நான். சூடு ஏறிக் கிடக்கிற ஆளை விட்டுட்டு உக்காருன்னா எப்படி உக்கார்றது?"

"இந்த ஆளுக்கு ஜுரம் நாங்க வேணும்னே ஏத்தினது."

அது பழம் உலர்த்துகிற மின்பெட்டி. தட்டுகளைக் கழற்றி வீசிவிட்டு ரீல்களை வைக்கிறார்கள். நாற்பது வருடத்து நாடா காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, உள்ளே இருக்கிற பசை இளகிப் போயிருக்குமாம். அப்படியே ஓட்டினால் கிறீச்சென்று கத்தும். பாட்டு உரிந்து மெஷினில் ஒட்டிக்கொள்ளும். எட்டு மணி நேரம் மிதமான சூட்டில் வைத்து, இரண்டு மணி நேரம் ஆறவிட்டால் ஈரம் போய்விடும்.

"அப்புறம் எத்தனை தடவை வேணாலும் கேக்கலாமா?"

"ஒரு தடவை நல்லா ஓடும். அந்த ஒரு தடவையிலயே கம்ப்யூட்டர்ல பிடிச்சுக்கணும். அடுத்ததுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

அந்த ஒரு தடவை மூன்று மணிக்கு.

ரீல் வந்த அட்டைப்பெட்டி மேசை மேல் கிடந்தது. லேபிள் எப்போதோ உதிர்ந்துபோய், பசை இருந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றது. அதன் மேல் எவனோ பென்சிலால் 'ஓடாது' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். மற்ற பெட்டிகளிலெல்லாம் அவள் கணவரின் கையெழுத்து இருந்தது. ஒன்று முதல் பத்து வரை. பிறகு பன்னிரண்டு. பதினொன்று இல்லை. அதனால்தான் இந்தப் பெயரில்லாத பெட்டி பதினொன்றாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. அதனால்தான் அவளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

நாற்பது வருடத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே ஒரு திடலில், மூன்று நாள் ராக் இசை விழா நடந்தது. பதினெட்டுக் குழுக்கள், விடாத மழை, முழங்கால் வரை சேறு. மேடைக்குப் பின்னால் நின்ற ஒரு வேனுக்குள் உட்கார்ந்து அத்தனையையும் பதிவு செய்தது அவள் கணவர். அதிலிருந்து தேர்ந்தெடுத்த பாட்டுகளைத் தொகுத்து இரண்டு இசைத்தட்டுகளாகப் போட்டார்கள். நன்றாக விற்றது. பெரிய மனிதர்கள் வீட்டு அலமாரிகளில் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் கடைசியாக மேடையேறிய குழுவின் கடைசிப் பாட்டு அதில் இல்லை. அந்தப் பாட்டை அதற்கு முன்னால் அவர்கள் எங்கும் பாடியதில்லை. ஆறு வாரத்தில் பாடகர் இறந்துபோனார். பிறகு யாரும் பாடவும் இல்லை. அந்தப் பாட்டு எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் உறையின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி பதில் சொன்னது: 'ஒலிப்பதிவாளர் உறங்கிவிட்டபடியால் இறுதிப் பாடல் பதிவாகவில்லை.'

பெயர்கூடப் போடவில்லை. அவசியமும் இல்லை, வேனில் இருந்தது அவர் ஒருத்தர்தான் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் ஒவ்வொரு ஸ்டுடியோ வாசலிலும் நின்றுகொண்டது. ஒரு வருடம் அலைந்து பார்த்துவிட்டு, காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தார். கடைசி வரை அதுதான். நூறு பேருக்குப் பாட்டுப் பிடித்துக் கொடுத்த மனிதர், மொச்சைக்கொட்டை அளவுக் கருவிக்குள் ஊசியை விட்டு அழுக்கெடுத்தார். காதில் மாட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா பெரியவரே?" என்பார். கேட்டுவிட்டால் வந்தவரைவிட இவருக்குத்தான் சந்தோஷம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் தூங்கத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். பக்கத்து அறையில் மகள் புரண்டு படுத்தால் இங்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார். அப்படிப்பட்டவர் அத்தனை சத்தத்துக்கு நடுவில் தூங்கினார் என்பதை நம்பவும் முடியவில்லை. மூன்று நாள் கண் விழித்த மனிதர், யார் கண்டது, என்று நம்பாமலும் இருக்க முடியவில்லை. கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

"நிஜமாவே தூங்கிட்டீங்களா?"

"தூங்கல."

"பின்ன?"

"பாட்டு பதிவாச்சு." அவ்வளவுதான். திரும்பிக் கருவிக்குள் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவர் காது மடல் சிவந்துபோனது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. பொய் சொல்கிற நோயாளிகளுக்குச் சிவக்கிற மாதிரி. அதன் பிறகு அவள் கேட்கவில்லை. முப்பத்துச் சொச்சம் வருடம் அந்தச் சிவப்பை மறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் போன பிறகு அது திரும்பி வந்துவிட்டது.

மகளுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. அப்பா தூங்கவில்லை என்றால் தூங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இதற்காக ஒரு பையனின் மூக்கில் குத்திவிட்டு வந்தவள். நாற்பதாம் ஆண்டை ஒட்டி எல்லா ரீலையும் திறந்து புதிய தொகுப்பாக, ஐந்து தட்டுகளாகப் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், தொகுப்பாளருக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியதும் அவள்தான். அவளுடைய தொல்லை தாங்காமல்தான் கிடங்கை இன்னொரு தடவை புரட்டினார்கள். இந்தப் பெட்டி கிடைத்தது.

இப்போது பாட்டு உள்ளே இருந்தால் அந்த வரி போய்விடும். இல்லாவிட்டால் அந்த வரி இன்னொரு நாற்பது வருடம் இருக்கும். கூடவே அவர் தன்னிடம் சொன்ன அந்த இரண்டு சொல்லும் பொய்யாகிவிடும். முதலாவதை அவள் தாங்கிக்கொள்வாள். இவ்வளவு காலம் தாங்கவில்லையா? இரண்டாவதுதான் அவளைப் பெட்டிக்கும் நாற்காலிக்குமாக நடக்கவிட்டது.

மதியம் ஒரு மணிக்குப் பெட்டி 'டிங்' என்றது. டெக்னீஷியன் பெண் கையுறை மாட்டி ரீலை எடுத்து ஒரு துணி மேல் வைத்தாள்.

"தொடலாமா?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. என்னையும் சேத்துத்தான். சாப்பிட்டீங்களா?"

"இறங்கல." பையிலிருந்த டிபன் டப்பாவை மடியில் வைத்து மூடியை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பேச்சுக் கொடுத்தால் பதற்றம் குறையும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. தன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். "சாரை எங்க பாத்தீங்க? வீட்ல பாத்த கல்யாணமா?"

"அந்தச் சேத்துலதான்." இந்தக் கதையைச் சொல்வதென்றால் அவளுக்குக் கரும்பு. "நான் அப்ப நர்ஸிங் படிச்சிட்டிருந்தேன். முதலுதவிக் கூடாரத்துல என்னை நிக்க வச்சிருந்தாங்க. மூணு நாள்ல மூணு தடவை வந்தார். முதல் தடவை தலைவலி. ரெண்டாவது, பிளேடு விரல்ல கிழிச்சிடுச்சுன்னு. டேப்பை வெட்டி ஒட்டற பிளேடாம். கட்டுப் போட்டு அனுப்பினேன். மூணாவது, கட்டு அவுந்துடுச்சுன்னு வந்தார். தானா அவுழல. அவரே அவுத்துட்டு வந்திருக்கார்."

"அட."

"வரிசையில நின்னு வந்தார். இன்னும் அரை மணி நேரம் இருக்கு எனக்குன்னார். எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது வருஷம், ஹாஸ்டல் எங்கன்னு ஒண்ணொண்ணாக் கேட்டுட்டே உக்காந்திருந்தார். திடீர்னு வாட்ச்சைப் பாத்தார். முகம் வெளுத்துப் போச்சு. எழுந்து ஓடினார் பாரு, ஒரு செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. அதைக்கூட எடுக்கல. அந்தச் செருப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் நான் அவரைத் தேடிப் போனேன்."

"செருப்பாலதான் கல்யாணம்னு சொல்லுங்க."

"எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவோம். பொண்ணைப் பாத்துப் பயந்து ஓடின ஒரே மாப்பிள்ளைன்னு."

டெக்னீஷியன் பெண் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும், சொல்லலாமா வேண்டாமா என்று ரொட்டித் துண்டைப் பார்த்தாள். "சார் ஒவ்வொரு ரீல் ஆரம்பத்துலயும் பேசியிருக்கார், தெரியுமாம்மா? எந்த ரீல், எந்த நாள், எந்தக் குழுன்னு. தட்டுல போடும்போது வெட்டிடுவோம். ஆனா எங்களுக்கு அதுதான் அடையாளம்."

தெரியாமல் என்ன? வீட்டிலும் அவர் அப்படித்தான். எதைச் செய்தாலும் அறிவித்துவிட்டுத்தான் செய்வார். "குளியல். பத்து நிமிஷம்." "ரெண்டாவது டீ. சர்க்கரை இல்லாம." ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட ஊசி போட வந்த பெண்ணிடம், "மூணாவது ஊசி, இடது கை," என்றார். அந்தப் பெண் சிரித்தாள். இவள் வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"பன்னெண்டாவது ரீல்லயும் பேசியிருக்கார்," என்றாள் டெக்னீஷியன் பெண். "ஆனா அதுல மட்டும் பயங்கரமா மூச்சு வாங்குது. அதுல பாட்டே இல்ல, ஜனங்க கத்தறது மட்டும்தான். தொகுப்பாளர் சார் என்ன சொல்றார்னா..."

"என்ன சொல்றார்?"

"தூக்கத்துலேர்ந்து அடிச்சுப் பிடிச்சு எழுந்த மாதிரி இருக்குங்கிறார்."

அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

இரண்டரைக்கு மகள் போன் செய்தாள். "ஆரம்பிச்சாச்சா?"

"மூணுக்குத்தான்."

"உன் குரலே சரியில்லையே. தண்ணி குடிச்சியா? அம்மா, அப்பா பொய் சொல்ல மாட்டார். உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பின்ன எதுக்குப் பயப்படற?"

"யார் பயப்படறா? வச்சுடு, அப்புறம் கூப்பிடறேன்." போனை வைத்த பிறகுதான் கவனித்தாள். இடது கை வலது கையின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பழக்க தோஷம். எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

தொகுப்பாளரும் கூப்பிட்டார். கூடவே கொடுக்கும் சிறுபுத்தகம் ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறதாம். அந்த வரியை வைப்பதா, எடுப்பதா என்று அதற்குள் தெரிய வேண்டும். "தப்பா நினைக்காதீங்கம்மா. கேட்டுட்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்," என்றார். ஒரு வார்த்தையாம்.

மூன்று மணி. மெஷின் இரும்பு பீரோ உயரத்துக்கு இருந்தது. டெக்னீஷியன் பெண் ரீலை மாட்டி, நாடாவின் நுனியை உருளைகளுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கொண்டுபோய் வெற்று ரீலில் சுற்றினாள். நரம்பு தேடி ஊசி ஏற்றுகிற பக்குவம் அந்தக் கையில் இருந்ததை அவள் பார்த்தாள். அதில் மட்டும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"முப்பது நிமிஷம் ஓடும். நடுவுல நிறுத்த மாட்டேன். கத்த ஆரம்பிச்சா மட்டும்தான் நிறுத்துவேன்."

பொத்தானை அழுத்தினாள். ரீல்கள் சுழன்றன. முதலில் ஒரு சீறல். அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அவள் விரல்கள் டப்பாவின் விளிம்பைப் பற்றின. காலியா? நாற்பது வருடமும் காலியா?

"ரீல் பதினொண்ணு. மூணாம் நாள். கடைசிக் குழு."

இருபத்தாறு வயசுக் குரல். சளி இல்லை, இருமல் இல்லை. அவசரமே இல்லாத குரல். கூடவே நாற்காலி பின்னால் நகரும் சத்தம், ஒரு கதவு திறந்து மூடும் சத்தம். அவ்வளவுதான். பிறகு மேடை வந்துவிட்டது.

டெக்னீஷியன் பெண் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். பதினொன்றேதான். ஆனால் கடைசிப் பாட்டு அல்லவா இருக்க வேண்டும்? ஒரு பாட்டு முடிந்தது. இரண்டு. மூன்று. நாடா கத்தவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினாறு நிமிடம் போயிருந்தது. நாலாவது பாட்டு, ஐந்தாவது. அவள் மேடைச் சத்தத்தைக் கேட்கவே இல்லை. இடது பக்கத்து ரீல் இளைத்துக்கொண்டே வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு மருந்து பாட்டில் காலியாவதைப் பார்ப்பது மாதிரி.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் பாடகர் ஏதோ சொன்னார். கூட்டம் அடங்கியது. ஒற்றை கிட்டார் மெதுவாக, படியிறங்குகிற மாதிரி நாலு சுரம் வாசித்தது.

"இதுதான்," என்றாள் டெக்னீஷியன் பெண், மூச்சுவிடாமல். "இதை நான் கேட்டதே இல்ல. யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. இதுதாம்மா."

உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. பதிவாச்சு. சொன்னாரே. பதிவாச்சுன்னு சொன்னாரே. போனை எடுக்கக் கை போனது. அதற்குள் பாட்டில் டிரம் அடங்கி, பாடகர் கைகளைத் தட்டச் சொன்னார். கூட்டம் தட்ட ஆரம்பித்தது. இரண்டு தட்டல், ஒரு இடைவெளி, ஒரு தட்டல். ஆயிரக்கணக்கான ஈரக் கைகள்.

அவள் கை அப்படியே நின்றது.

இந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும். இந்தப் பாட்டு எந்தத் தட்டிலும் இல்லை, எந்த வானொலியிலும் வந்ததில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். கூடாரத்துணி மேல் மழை. கம்பத்தில் ஆடிய விளக்கு. எதிரே மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவர், கட்டுப் போட்ட விரலை விறைப்பாக நீட்டி வைத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டார். இரண்டு, இடைவெளி, ஒன்று. "விரலை மடக்குங்க பாக்கலாம்," என்றாள் அவள். "மடங்கலயே," என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் வாட்ச்சைப் பார்த்தார்.

இன்னும் அரை மணி நேரம் இருக்கு எனக்கு.

"ஒரு ரீல் எவ்வளவு நேரம்னு சொன்னே?" குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"முப்பது. முடியறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடியே பக்கத்து மெஷின்ல அடுத்த ரீலை ஓட விடணும். அப்பத்தான் பாட்டு அறுபடாது. அதுக்குத்தான் வேன்ல ரெண்டு மெஷின். ஆள் பக்கத்துல இருந்தே ஆகணும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் இடது ரீலைப் பார்த்தாள். "ஐயையோ."

பாடகர் குரலை மேலே தூக்கினார். தூக்கிய இடத்திலேயே நாடா முடிந்தது. விடுபட்ட நுனி 'சடக் சடக்' என்று மெஷினில் அடித்துக்கொண்டு சுழன்றது. டெக்னீஷியன் பெண் பாய்ந்து மெஷினை நிறுத்தினாள்.



"அஞ்சு நிமிஷம்," என்றாள் அந்தப் பெண். "பாதிப் பாட்டு. ரெண்டாவது மெஷினை யாரும் போடல. அவர்... அங்க இல்லம்மா." அவள் குரலில் வருத்தம் இருந்தது. "தூங்கியிருந்தா ஆரம்பத்துல அந்தக் கதவுச் சத்தம் வந்திருக்காது."

"தூங்கல," என்றாள் அவள்.

தூங்கியதாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி அப்படித்தான் நினைத்தார். இவர் மூச்சுக் காட்டவில்லை. எங்கே போயிருந்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்வார்? வீட்டில் அவள் செருப்புக் கதையைச் சொல்லும்போதெல்லாம், விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போதெல்லாம், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒரு நாளாவது, உன் கூடாரத்தில் உட்கார்ந்திருந்ததில்தான் என் தொழில் போச்சு என்று வாய் தவறிக்கூட வரவில்லையே. எத்தனை தடவை சொல்லியிருப்பாள் அந்தக் கதையை? நூறா? பயந்து ஓடின மாப்பிள்ளை என்று. அவர் முகத்துக்கு நேராக.

"அந்தப் பன்னெண்டைக் கொஞ்சம் போடறியாம்மா? ஆரம்பம் மட்டும்."

அது ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு தட்டலில் வந்தது. கூட்டத்தின் பேரிரைச்சல், பாட்டு முடிந்துவிட்டது என்று அதைக் கேட்டாலே தெரிந்தது. அதற்கு மேல் ஒரு மூச்சு, கிழிகிற மாதிரி. "ரீல்..." இன்னொரு மூச்சு. "ரீல் பன்னெண்டு." நாள், குழு, எதுவும் இல்லை. சேற்றில் ஒற்றைக் கால் செருப்போடு அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்த மூச்சு.

நாலரைக்குத் தொகுப்பாளர் கூப்பிட்டார். டெக்னீஷியன் பெண் எல்லாவற்றையும் சொன்ன பிறகு போனை இவளிடம் கொடுத்தாள்.

"அஞ்சு நிமிஷம் கிடைச்சதே பெருசும்மா," என்றார் அவர். "அப்படியே போடறேன். அந்த வரியை எடுத்துடலாம். மெஷின் பழுதுன்னு போட்டுடறேன், பிரச்சனை இல்ல."

"மெஷின் மேல பழி போடாதீங்க. அவருக்குப் பிடிக்காது."

"பின்ன என்னன்னு போட?"

அவள் யோசித்தாள். தூங்குமூஞ்சி என்பது போக வேண்டும். அதற்காக இன்னொரு பொய்யை நாற்பது வருடம் அலமாரியில் வைக்க முடியாது. "ஒலிப்பதிவாளர் அப்ப முதலுதவிக் கூடாரத்துல இருந்தார்னு போடுங்க."

"அடிபட்டிருந்ததா?"

"விரல்ல. பெரிய காயமில்ல." டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். "ஆறிப்போன காயம்தான்."

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மேலே கேட்கவில்லை. ஐந்து மணி அவசரத்தில் கேட்க நேரமும் இல்லை.

மகளுக்குப் போன் போட்டபோது மணி அடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டாள். "அம்மா? இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் சொன்னேன்ல." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். "சொன்னேன்ல நான். முழுசா இருக்கா?"

காலையிலிருந்து இவள் பயந்தது வேறு. இப்போது பயப்படுவது வேறு. மூக்கில் குத்திவிட்டு வந்த அந்தப் பிள்ளையிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

"உங்கப்பா செருப்பை விட்டுட்டு ஓடின கதை ஞாபகம் இருக்கா?"

"அதை எத்தனை தடவைதாம்மா சொல்லுவ?"

"இல்ல," என்றாள் அவள். "அதுல நான் ஒரு பாதிதான் சொல்லியிருக்கேன். உக்காந்துக்கோ."